கடைசி ஸ்லாட்டின் திறப்பு விழா

அந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் தினமும் காலையில் முதல் வேலை, யாராவது ஒருவரை அழிப்பது. கொலையோ என்று பதற வேண்டாம். கொலைக்காவது போலீஸ், கோர்ட், தண்டனை என்று ஒரு மரியாதை உண்டு. இது வெறும் நிர்வாகம்.

ஸ்கேன் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசைக்கு அடியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருந்தது. வந்து படுக்கிற ஒவ்வொருவரின் படமும் அதற்குள்தான் போய்ச் சேரும். அதன் வயிறு நிரம்பி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. புதிதாக ஒருவர் உள்ளே போகவேண்டும் என்றால் பழைய ஒருவர் வெளியேற வேண்டும். பழையவர்களிலேயே ரொம்பப் பழையவரை முதலில் அழிக்கவும் என்று விதி. அந்த விதிப்படி பொத்தானை அழுத்துகிறவள்தான் ஸ்கேன் அக்கா. வயதில் மூத்த டாக்டர்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பிலிமில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். 'பிலிம் இல்லா மருத்துவமனை' என்று இயக்குநர் ஒரு கேடயம் வாங்கிவிட்டார், அதனால் பிலிம் கிடையாது. பென் டிரைவில் எடுத்து வைக்கலாமே என்றால், தகவல் திருட்டைத் தடுப்பதற்காகக் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, பின்னால் இருந்த துளைகளில் எல்லாம் பசையை ஊற்றிவிட்டுப் போயிருந்தார். கீபோர்டும் மவுசும் செருகியிருந்தபடியே ஒட்டிக்கொண்டன. சர்வர் வரப்போகிறது என்று சொல்லி அதற்காகக் குளிர்சாதன அறையும் கட்டி முடித்தார்கள். சர்வர்தான் வரவில்லை. மத்தியானங்களில் அங்கே இயக்குநரின் டிரைவர் தூங்குகிறார்.

ஸ்கேன் அக்கா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். சம்பளம் வாங்கிக்கொண்டு பொறுத்துப் போவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அழிக்க வேண்டியவர்கள் பட்டியலின் தலைமாட்டை நோக்கி அவளுடைய நாத்தனாரின் ஈரல் நகர்ந்து வந்துகொண்டிருப்பதைப் பார்த்த அன்றுதான் அவளுடைய பொறுமை போயிற்று.

நாத்தனார் தையல்காரி. கல்யாணம் வேண்டாம் என்று முடிவு கட்டி, அண்ணன் வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டவள். வாயில் குண்டூசி கவ்வியிருக்கும்போது மட்டும்தான் அவளிடமிருந்து நல்ல வார்த்தை வரும், ஏனென்றால் அப்போது எந்த வார்த்தையும் வராது. அக்காவுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். போன வருடம் அவளுடைய ஈரலில் ஒரு கட்டி தென்பட்டது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது சாதுவா போக்கிரியான்னு இப்ப சொல்ல முடியாதும்மா. கொஞ்ச மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுப்போம். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்து, வளரலன்னா கத்தியே வேண்டாம். வளர்ந்திருந்தா வெட்டணும்" என்றார்.

"பழைய படம் இல்லாமப் போச்சுன்னா?" என்று அக்கா தற்செயலாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"இல்லாமப் போச்சுன்னா ரிஸ்க் எடுக்க முடியாது. வெட்டித்தான் பார்க்கணும்."

அன்றிலிருந்து நாத்தனார் தினமும் சாயங்காலம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்பாள். "அண்ணி, என் ஈரல் இருக்கா இன்னும் உள்ள?"

"இருக்கு."

"எனக்கு முன்னாடி எத்தன பேரு?"

"கொஞ்சம் பேரு இருக்காங்க."

"கொஞ்சம் பேருன்னா?"

அக்கா சமையலறைக்குப் போய்விடுவாள். அந்த நக்கல்காரியின் குரல் அந்தக் கேள்வியில் மட்டும் இறங்கிப் போவதை அவளால் தாங்க முடியவில்லை. பல வருடமாகச் சண்டை போட்டவள் பயந்து நிற்பதைப் பார்ப்பது, சண்டையைவிடக் கொடுமை.

ஆகவே அவள் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவரிடம் போனாள். அவர் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவராக ஆனதே, அதற்கு முன் சலவைப் பிரிவின் தலைவராக அப்பழுக்கில்லாமல் பணியாற்றியதற்காகத்தான்.

"இடம் பத்தல சார். புதுசா ஒரு எஸ்எஸ்டி போட்டுக் குடுத்தீங்கன்னா யாரையும் அழிக்க வேண்டியதில்ல" என்றாள் அக்கா. கூடுதலாக வைத்துக்கொள்ளும் அந்தச் சேமிப்புச் சில்லுக்கு எஸ்எஸ்டி என்று பெயர் என்பதைப் பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு உள்ள இடம் இருக்கா?"

"எனக்குத் தெரியாதுங்க. திறந்து பார்த்தாத்தான தெரியும்?"

"திறக்கறதா?" என்றார் தலைவர். அவருடைய முகம் பேயறைந்ததுபோல ஆயிற்று. அந்தப் பதவிக்கு வந்ததிலிருந்து அவர் ஒரு கம்ப்யூட்டரையும் திறந்ததில்லை, அதனால்தான் ஒன்றுகூட அவர் கையால் கெட்டுப்போனதில்லை என்பது அவருடைய பெருமை.

கடைசியில் கடைக்காரரையே வரவழைத்துத் திறந்தார்கள். அவர் மூடியைக் கழற்றி, உள்ளே ஊதி, தும்மி, சொன்னார். "சின்னப் பெட்டிங்க இது. எஸ்எஸ்டி வைக்கிற இடம் ஒண்ணே ஒண்ணு, அதுல ஏற்கனவே ஒண்ணு உக்காந்திருக்கு. அதை எடுத்துட்டுப் பெருசா ஒண்ணு போடலாம்."

"முடியாது" என்றார் தலைவர். "எடுத்துட்டுப் போடறது மாற்றுதல். இந்தம்மா கேக்கறது சேர்த்தல். மாற்றுதல் வேற பிரிவு."

"அப்ப கார்டு செருகற துளை, ஸ்லாட்டும்பாங்க, அது ரெண்டு இருக்கு. ஒண்ணுல ஸ்கேன் திரைக்கான கார்டு. அதத் தொடக் கூடாது. இன்னொண்ணுல..." கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "ஃபேக்ஸ் கார்டு சார். இது எந்தக் காலத்துது. யாரும் இதத் தொட்டே ரொம்ப நாளாச்சு. இதக் கழட்டிட்டு, அந்த ஸ்லாட்டுல ஒரு அடாப்டர் போட்டு, அது மேல எஸ்எஸ்டியச் செருகிடலாம். ஒரே ஸ்க்ரூதான்."

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். தலைவர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். ஃபேக்ஸ் கார்டின் மேல் தொலைநகல் பிரிவின் உடைமை என்று ஒட்டுத்தாள் இருந்தது. பிறர் உடைமையை எடுக்கத் தொலைநகல் பிரிவின் சம்மதம் வேண்டும். அந்தப் பிரிவையோ எப்போதோ கலைத்துவிட்டார்கள்.

"கலைச்சாச்சுன்னா சம்மதம் யாரு குடுப்பாங்க?" என்றாள் அக்கா.

"அதான் சிக்கல்" என்றார் தலைவர், திருப்தியாக. ஒரு விஷயம் சிக்கல் என்று தெரிந்ததும் சிலருக்கு வேலை முடிந்துவிட்ட நிம்மதி வரும். "தவிர, ஸ்லாட்ங்கறது இடம். இந்த நிறுவனத்துல எந்த இடத்தையும் ஒதுக்கறது இடப் பங்கீட்டுக் குழு. நான் அவங்களுக்கு எழுதறேன்."

இடப் பங்கீட்டுக் குழு என்பது யாருக்கு எந்த அறை, எந்த நாற்காலி, கார் நிறுத்த எந்த மர நிழல் என்று தீர்மானிக்கிற சபை. அதன் தலைவர் நிர்வாக அதிகாரி. நிழல் விவகாரத்தில் இரண்டு பேராசிரியர்களைப் பரம விரோதிகளாக்கிய அனுபவம் அவருக்கு உண்டு. ஒரு நாள் காலையில் குழு ஸ்கேன் அறைக்கு எழுந்தருளியது. வாசலில் நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருக்க, உள்ளே அதிகாரிகள் மேசையைச் சுற்றி மண்டியிட்டார்கள். கால் உடைந்த ஒரு பெயிண்டர் தள்ளுவண்டியில் படுத்தபடியே அதைப் பார்த்துவிட்டு, யாரோ உள்ளே செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டடப் பொறியாளர் டார்ச் அடித்து, டேப்பை நீட்டி ஸ்லாட்டை அளந்தார். "ரொம்பக் குறுகலா இருக்கு" என்றார். "பக்கத்துச் சுவரை இடிச்சா கொஞ்சம் விஸ்தாரமாக்கலாம்."

"எந்தச் சுவரை?" என்றாள் அக்கா.

"இந்தப் பெட்டியோட சுவரத்தான். இல்லன்னா மேல ஒரு மாடி எழுப்பலாம். அஸ்திவாரம் தாங்குமான்னு பாக்கணும்."

தீப் பாதுகாப்பு அலுவலர், தீப்பிடித்தால் எஸ்எஸ்டி எந்த வழியாக வெளியேறும் என்று கேட்டார். வெளியேறும் வழி காட்டாமல் தன்னால் ஒப்புதல் தர முடியாது என்றார். கடைசியில் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் பச்சை நிறத்தில், ஓடுகிற மனிதன் படம் ஒன்று ஒட்டப்பட்டது. அம்புக்குறி கதவைக் காட்டவில்லை, மின்விசிறியைக் காட்டியது.

நிர்வாக அதிகாரி எல்லோருக்கும் பின்னால் நின்று கேட்டார். "இந்த இடத்தை வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற இடத்த யாருங்க கேப்பாங்க?"

"கேட்டிருக்க மாட்டாங்க. இருக்குன்னு தெரியாது. தெரிஞ்சா கேப்பாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் இருபது வருஷமா பாக்கறேன்மா. காலியா ஒரு இடம் இருக்குன்னு வெளிய தெரிஞ்சா மனுஷங்க மாறிடுவாங்க. சீனியாரிட்டிப்படி அறிவிப்பு குடுத்து, விண்ணப்பம் வாங்கி, அப்பறந்தான் ஒதுக்க முடியும்."

அறிவிப்புக் கொடுத்தார்கள். விண்ணப்பங்கள் வந்தன. எலும்புப் பிரிவுப் பேராசிரியர், தன்னுடைய உபயோகத்துக்கு என்று மட்டும் எழுதி, என்ன உபயோகம் என்று எழுதாமல் அனுப்பியிருந்தார். மனமகிழ் மன்றத்துச் செயலாளர் கேரம் பலகை வைக்கக் கேட்டிருந்தார். ஸ்கேன் அக்காவின் விண்ணப்பம் சீனியாரிட்டியில் கடைசி. நாத்தனாருக்கு முன்னால் இருந்தவர்கள் இதற்கிடையே ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு மீன் வியாபாரியின் நுரையீரல் போயிற்று. பள்ளிக்கூட மணியடிக்கிறவரின் முதுகெலும்பு போயிற்று. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அவள் அவர்களிடம் வாய்க்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் அந்த மன்னிப்பு மெல்ல மெல்லத் திட்டாக மாறியது. திட்டு அவர்களை அல்ல.

விஷயம் இயக்குநருடைய கூட்டத்துக்குப் போனது. நீள மேசையின் கடைசியில் அக்காவுக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

இயக்குநர் பேச எழுந்தார் என்றால் வீடியோகாரர் எழுந்துவிடுவார். இயக்குநரின் ஒவ்வொரு உரையையும் மூன்று கோணங்களில், கண்ணிமை முடிகூடத் தெரிகிற துல்லியத்தில் பதிவு செய்வது ஆஸ்பத்திரியின் வழக்கம். அவற்றை வைக்கப் பாதுகாப்பான இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு என்று கம்ப்யூட்டர் பிரிவு முடிவு செய்திருந்தது. பசை ஊற்றிய கம்ப்யூட்டரிலிருந்து யாரும் எதையும் திருட முடியாது அல்லவா? அதனால் இயக்குநரின் உரைகள் அனைத்தும், கம்பி வழியாக, ஸ்கேன் அறைக்கே அனுப்பப்பட்டு வந்தன. அக்காவுக்கு அது அன்றுவரை தெரியாது. 'நிறுவனம்' என்ற பெயரில் ஒரு பெரிய கோப்புறை இருப்பதைப் பார்த்திருக்கிறாள். அதைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

"நண்பர்களே, இடம் இல்லைன்னு ஒரு குறை வந்திருக்கு" என்று இயக்குநர் தொடங்கினார். "நான் கேக்கறேன், இடம் எங்க இல்ல? மனசுல இருந்தா எங்கயும் இருக்கும். நான் இந்தப் பதவிக்கு வந்தப்ப என் அறை எவ்வளவு சின்னது தெரியுமா? நான் குறை சொல்லல. பக்கத்துல இருந்த ரெண்டு வார்டைச் சேர்த்துக்கிட்டேன். அந்த மனப்பான்மை வேணும். நோயாளிங்க நம்மள நம்பி அவங்க உடம்ப நம்மகிட்டக் குடுக்கறாங்க. அத வாங்கி நாம வெச்சுக்கறோம். வெச்சுக்க முடியலன்னா அழிச்சிடறோம். இதுல வெளிப்படைத்தன்மை இருக்கு. அந்த ஃபேக்ஸ் பிரிவ எடுத்துக்கங்க. கலைச்சுட்டோம்கறதுக்காக அவங்க உரிமையைப் பறிக்க முடியுமா? நாளைக்கு என்னைக் கலைச்சுட்டு என் நாற்காலிய எடுப்பீங்களா?"

எல்லோரும் கைதட்டினார்கள். தொலைநகல் பிரிவுக்குச் சம்மதம் கேட்டுக் கடிதம் அனுப்புவது என்றும், அந்தப் பிரிவின் மரபை மதித்து அதைத் தொலைநகலிலேயே அனுப்புவது என்றும் தீர்மானம் ஆயிற்று. ஆஸ்பத்திரி முழுக்கத் தேடியதில் ஃபேக்ஸ் அனுப்பக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அது ஸ்கேன் அறைக் கம்ப்யூட்டருக்குள் இருந்த அந்தப் பழைய கார்டு. அதன் வழியாக, அதைக் கழற்றச் சம்மதம் கேட்டு, அதன் எண்ணுக்கே கடிதம் போனது. இணைப்பு பிஸியாக இருக்கிறது என்று பதில் வந்தது. பிரிவு மும்முரமாக வேலை செய்துகொண்டிருப்பதாக நிர்வாக அதிகாரி குறிப்பு எழுதினார்.

"இருக்கா அண்ணி?" என்றாள் நாத்தனார் அன்று சாயங்காலம்.

"இருக்கு."

"பொய் சொல்றியா?"

"இருக்குடி. நான் இருக்கற வரைக்கும் இருக்கும்." அக்காவுக்குக் கோபமாக வந்தது. அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நாத்தனார் அதற்குச் சண்டைக்கு வரவில்லை. ஒரு ரவிக்கைக் கையைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியாத அந்த நிறுவனத்தில், கொள்முதல் பிரிவு எஸ்எஸ்டியை வாங்கிவிட்டது. விரல் நீளம்கூட இல்லாத பொருள். அது ஒரு அலமாரி அளவுக்குப் பெட்டியில் வந்து இறங்கியது. உள்ளே பெட்டி, அதற்குள் பெட்டி, பஞ்சு, இன்னொரு பெட்டி. அக்கா வாசல்வரை ஓடி வந்தாள். கடைசிப் பெட்டியைத் திறந்து அந்தச் சின்னப் பொருளைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னைக்கே போட்டுடலாமா சார்?"

"போடறதா?" என்றார் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர். "முதல்ல திறந்து வைக்கணும்."

திறப்பு விழாவுக்கு வரவேற்புக்கூடம் தயாரானது. கண்ணாடிப் பேழை ஒன்று செய்து, நீல வெல்வெட் விரித்து, அதன் நடுவில் எஸ்எஸ்டியை வைத்தார்கள். சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். பார்வைக்குத் தெரியவில்லை என்று பேழைக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியும் பொருத்தினார்கள். பாதுகாப்புக்கு ஒரு காவலாளி. விழா முடியும்வரை ஸ்கேன் நிறுத்தம், ஏனென்றால் கூட்டம் சேர்க்க நோயாளிகள் தேவைப்பட்டார்கள். காலுக்குக் கட்டுப் போட்ட பெயிண்டர் முன்வரிசையில் பூங்கொத்து பிடித்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் ரிப்பனை வெட்டினார். பிறகு பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். சேமிப்பின் மகத்துவத்தைப் பற்றியும், தான் சிறுவயதில் சேமித்த பழக்கத்தைப் பற்றியும், இனி இந்த நிறுவனத்தில் ஒரு நோயாளிகூட அழிய மாட்டார் என்றும் சொன்னார். கைதட்டல் அடங்கியதும் மறுபடி முதலிலிருந்து சொன்னார், வீடியோகாரர் ஒரு கோணத்தைத் தவறவிட்டுவிட்டதால்.

விழா முடிந்ததும் அக்கா பேழையிடம் போனாள். காவலாளி குறுக்கே வந்தார். "தொடக் கூடாதும்மா. இது காட்சிப் பொருள்."

"இது என்னோட கம்ப்யூட்டருக்கு வந்ததுங்க."

"கம்ப்யூட்டர்ல இடம் ஒதுக்கினதும் வந்து வாங்கிக்கங்க."

அவள் ஸ்கேன் அறைக்குத் திரும்பினாள். முதல் ஆளைப் படுக்க வைத்து ஆரம்பித்தாள். திரையில் சிவப்பில் ஒரு வாசகம் வந்தது. இடமில்லை. காலையில்தான் ஒருவரை அழித்திருந்தாள். எப்படி இடமில்லாமல் போகும்? தோண்டித் துருவிப் பார்த்தபோது, 'நிறுவனம்' கோப்புறைக்குள் புதிதாக ஒரு மலை வந்து இறங்கியிருந்தது. எஸ்எஸ்டி திறப்பு விழா, மூன்று கோணங்களில்.

சேமிப்பு இடம் வந்ததைக் கொண்டாடிய விழா, இருந்த கடைசி இடத்தையும் தின்றுவிட்டது. அக்கா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவள் அதுவரை யாரையும் வெறுத்ததில்லை. எரிச்சல்பட்டிருக்கிறாள், திட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். அன்று மத்தியானம் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டு அவள் மனதார வெறுத்தாள்.

ஸ்கேன் நின்றது. வராந்தாவில் கூட்டம் சேர்ந்து சத்தம் போட ஆரம்பித்தது. சத்தம் இயக்குநரின் இரண்டு வார்டு அளவு அறையையும் எட்டியது. அவர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"நாளைக்கு மறுநாள் எனக்குப் பணி நீட்டிப்புக் குழு வருது. இப்பப் போயி இந்தக் கூச்சலா? அந்தக் கம்ப்யூட்டர்ல என்னதான் இருக்கு?"

"படங்க சார்" என்றாள் அக்கா. "நோயாளிங்க படம். அப்பறம்..."

"இவ்வளவு படத்தையும் யார் பாக்கறாங்க? டாக்டருங்க பாதியத் திறந்தே பாக்கறதில்லன்னு எனக்குத் தெரியும். எடுக்கச் சொல்லுவாங்க, பாக்க மாட்டாங்க. பாக்காததை எதுக்குப் பாதுகாக்கணும்?" அவர் மேசையைத் தட்டினார். "எழுதுங்க. எந்தக் கோப்பை யாருமே ஒரு தடவகூடத் திறந்து பாக்கலையோ, அது உடனே அழிக்கப்படணும். யாருடையதா இருந்தாலும். திறந்து பாத்ததை யாரும் தொடக் கூடாது. பழசு, புதுசுங்கற விதி ரத்து."

அக்கா இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். "யாருடையதா இருந்தாலுமா சார்?"

"யாருடையதா இருந்தாலும். எனக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது."

நிர்வாக அதிகாரி அதை அப்படியே எழுத, இயக்குநர் கையெழுத்துப் போட்டார். நீளமான, வளைந்து வளைந்து போகிற கையெழுத்து. அக்கா வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக அவள் வாயை மூடிக்கொண்டதில்லை.

திறக்கப்படாத கோப்புகளைத் தேடித் தரும் மென்பொருளைக் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவரே ஓட்டிக் கொடுத்தார். வாசலில் யாரோ கத்தியதால், பட்டியல் வருவதற்குள் வெளியே போய்விட்டார். பட்டியல் வந்தது. அதில் ஒரு நோயாளிகூட இல்லை. மீன் வியாபாரியின் படம் அழியாமல் இருந்திருந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் வந்திருக்காது. டாக்டர்கள் சோம்பேறிகளாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு படத்தையும் யாரோ ஒருவர், ஒரு தடவையாவது, கவலையோடு திறந்திருந்தார்கள். நாத்தனாரின் ஈரலை மூன்று டாக்டர்கள் பார்த்திருந்தார்கள்.

பட்டியலில் இருந்தவை எல்லாம் இயக்குநரின் உரைகள். வெள்ளிவிழா உரை. கைகழுவும் வாரத் தொடக்க உரை. கைகழுவும் வார நிறைவு உரை. புது மெத்தைகள் வழங்கும் உரை. மெத்தைகள் வராததற்கு வருத்தம் தெரிவிக்கும் உரை. பேச்சு முடிந்ததும் கைதட்டியவர்களில் ஒருவர்கூடத் திரும்பித் திறந்து பார்க்கவில்லை. வீடியோகாரர் பார்க்கவில்லை. பேசியவரும் பார்க்கவில்லை.

அவள் எல்லாவற்றையும் குறியிட்டாள். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றாள். திரும்பப் பெற முடியாது, நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. மீன் வியாபாரியையோ மணியடிக்கிறவரையோ அழித்தபோது அது இரண்டாம் தடவை கேட்டதில்லை, கோப்பு பெரியதாக இருந்தால்தான் கேட்கும். அவளுக்கு அதன்மேலும் கோபம் வந்தது. இந்தத் தடவை மன்னிப்புக் கேட்காமல் அழுத்தினாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக நாத்தனாரைப் படுக்க வைத்தாள். "மூச்ச இழுத்துப் பிடி" என்றாள். நாத்தனார் இழுத்துப் பிடித்தது இத்தனை மாதத்து மூச்சு. டாக்டர் வந்து பழைய ஈரலையும் புது ஈரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெரிதாக்கி, சின்னதாக்கி, வெகுநேரம் பார்த்தார்.

"அப்படியேதான் இருக்கு. ஒரு நூல்கூட வளரல. கத்தி வேண்டாம். வீட்டுக்குப் போங்க."

நாத்தனார் எழுந்து உடையைச் சரிசெய்துகொண்டாள். "அண்ணி, உன் ஜாக்கெட்டு கை லூசா இருக்கு பாரு. எவ தைச்சது அது? கழட்டிக் குடு, நாளைக்குப் பிடிச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டு, அக்காவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அக்கா அவளை வெளியே அனுப்பிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள். அதற்கடுத்தவரை. கம்ப்யூட்டருக்குள் இப்போது மைதானம்போல இடம் இருந்தது. விழா நாளன்று விட்டுப்போனவர்கள், கூச்சல் போட்டவர்கள், வெளியூரிலிருந்து வந்து காத்திருந்தவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் எடுத்தாள். மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க. அன்றும் எடுத்தாள், அடுத்த நாளும் எடுத்தாள். டாக்டர்களும் வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த அடுத்த நாள்தான் பணி நீட்டிப்புக் குழு வந்தது. இயக்குநரின் சாதனைகளைப் பார்வையிட அவர்கள் உட்கார்ந்தார்கள். வெள்ளிவிழா உரையைத் திரையிடுங்கள் என்றார் இயக்குநர். திரை கறுப்பாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் இயக்குநர், பின்னால் நிர்வாக அதிகாரி, அதற்கும் பின்னால் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர், வேடிக்கை பார்க்கும் ஆவலில் நீட்டிப்புக் குழுவும், ஸ்கேன் அறைக்குள் நுழைந்தார்கள்.

"என் உரையெல்லாம் எங்க?" என்றார் இயக்குநர்.

"அழிச்சாச்சுங்க" என்றாள் அக்கா. எழுந்து மரியாதையாக நின்றாள். "உங்க உத்தரவுங்க. யாரும் திறந்து பாக்காததை அழிக்கச் சொன்னீங்க."

"அது நோயாளிங்க படத்துக்கு."

"யாருடையதா இருந்தாலும்னு நீங்க ரெண்டு தடவ சொன்னீங்க."

நீட்டிப்புக் குழுவின் தலைவி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "யாருமேவா திறந்து பார்க்கல?"

"ஒருத்தர்கூட இல்லைங்க" என்றாள் அக்கா. பிறகு, நேர்மையாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சேர்த்தாள். "சாரையும் சேத்துத்தாங்க."

இயக்குநர் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவரின் கையைப் பற்றினார். "மீட்க முடியுமா? அழிச்சத மீட்க முடியும்னு சொல்வாங்களே?"

"அந்த இடத்துல வேற எதுவும் எழுதாம இருந்தா முடியும் சார்" என்றார் தலைவர். கடைக்காரரிடம் போனில் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அப்ப இதோட நிறுத்துங்க. இனி ஒருத்தரையும் எடுக்காதீங்க."

"காலையிலேந்து எடுத்தாச்சுங்க, நேத்தும் எடுத்தாச்சுங்க" என்றாள் அக்கா. "உங்க வெள்ளிவிழா உரை இருந்த இடத்துல இப்ப ஒரு லாரி டிரைவரோட மூளை இருக்குங்க. கைகழுவற வாரம் இருந்த இடத்துல ரெண்டு முழங்காலு, ஒரு கிட்னி. திறப்பு விழா கொஞ்சம் பெருசுங்க. அதுல ஒரு பஸ்ஸு ஜனம் உக்காந்திருக்கு."

இயக்குநர் திரையை முறைத்தார். அதில் லாரி டிரைவரின் மூளை, சாம்பலும் வெள்ளையுமாக, தன் பாட்டுக்கு இருந்தது. அவர் குரல் நீட்டிப்புக் குழுவுக்குக் கேட்காத அளவுக்குத் தணிந்தது, ஆனால் அந்த அறை சின்ன அறை.

"அத அழிச்சிடு" என்றார். "அந்த டிரைவர. எல்லாத்தையும். இப்பவே."

"முடியாதுங்க" என்றாள் ஸ்கேன் அக்கா. "டாக்டர் அதத் திறந்து பாத்துட்டாருங்க. திறந்து பாத்தத யாரும் தொடக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

தலைவி தன் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு ஏதோ எழுத ஆரம்பித்தார். அக்கா அவர்களைக் கடந்து வாசலுக்குப் போய், வராந்தாவில் காத்திருந்தவர்களைப் பார்த்து, அடுத்த ஆள் வரலாம் என்றாள்.